கையடக்க சூப்பர்ஜூம்: 30 மடங்கா, ஒரு இன்ச் சென்சாரா?

மலைநடை:
வணக்கம் நண்பர்களே. மலை ஏறும்போது கனம் தெரியாமல் கொண்டுபோக ஒரு கேமரா பார்க்கிறேன். பறவை, தூரத்து முகடு, எப்போதாவது நிலா. இருட்டினதும் கூடாரத்துக்குள் ஆட்களையும் எடுக்கணும். கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறது: பானசோனிக் டிஇசட் 90, 24 முதல் 720 மி.மீ. வரை; டிஇசட் 200, 24 முதல் 360 மி.மீ. வரை, ஒரு இன்ச் வகை சென்சார் (படத்தைப் பதிகிற சில்லு). எடை 322 கிராம், 340 கிராம், கிட்டத்தட்ட ஒன்றுதான். "பெரிய சென்சார், கண்ணை மூடிக்கொண்டு 200ஐ வாங்கு" என்கிறார்கள். பாதி ஜூமை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு வித்தியாசம் இருக்கா? முழு ஜூமில் எடுத்த மாதிரிப் படங்கள் வாட்டர்கலர் பூசின மாதிரி தெரியுதே, அது எதனால்?

குவியப்புள்ளி:
பெரிய சென்சார் ஜெயிக்கும் என்பது பாதி உண்மைதான். மீதியை லென்ஸின் வாய் அகலம் தீர்மானிக்குது.

720 என்பது 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஈடாகச் சொல்கிற எண். டிஇசட் 90 லென்ஸின் நிஜமான குவியத் தூரம் 4.3 முதல் 129 மி.மீ. தான். டிஇசட் 200க்கு 8.8 முதல் 132. ஜூம் முனையில் இரண்டுக்குமே அபெர்ச்சர் எஃப் 6.4. 130ஐ 6.4ஆல் வகுத்துப் பாருங்க: ஒளி நுழைகிற வாசல் இரண்டிலும் சுமார் 20 மி.மீ. அப்படின்னா தூரத்துக் கிளையில் இருக்கிற அதே பறவையிடமிருந்து இரண்டு கேமராவும் அள்ளுகிற ஒளி ஒரே அளவு. 200இன் படத்தை நடுவில் வெட்டி 720க்குக் கொண்டுவந்தால் 20 மெகாபிக்சலில் 5 மிஞ்சும். 90 அதே காட்சிக்கு 20 மெகாபிக்சல் கொடுக்கும், ஆனால் அந்த 20இலும் நிஜ விவரம் இருக்காது. எஃப் 6.4இல் ஒளி வாசலின் விளிம்பில் வளைஞ்சு (டிஃப்ராக்ஷன்), ஒரு புள்ளி சுமார் 8.6 மைக்ரான் வட்டமாகப் பரவும். 90இன் பிக்சல் 1.2 மைக்ரான், ஆக ஒரு புள்ளி ஏழு பிக்சல் அகலத்துக்கு விரிஞ்சுடும். பறவைக்கு டிஇசட் 90 ஒரு நூலிழை முன்னால் நிற்கும், அவ்வளவுதான்.

அகலக் கோணத்தில் கதை முழுக்க மாறிடும். அங்கே இரண்டுமே எஃப் 3.3. 90இன் சென்சார் பரப்பு 28 சதுர மி.மீ., 200க்கு 116. நாலு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). கூடார வெளிச்சத்தில் டிஇசட் 200, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600இல் தருகிற படம், டிஇசட் 90, ஐஎஸ்ஓ 400இல் தருகிறதுக்கு ஏறக்குறைய சமம். உங்க பட்டியலில் ஆட்கள் இருக்காங்க, அதனால் என் ஓட்டு 200க்கு. வெறும் பறவை, நிலா மட்டும்னா 90.

கிளைநுனி:
வாட்டர்கலருக்குக் காரணம் பெரும்பாலும் ஐஎஸ்ஓதான். ஆட்டோவில் விட்டால் முழு ஜூமில் கேமரா 1600க்கு ஏறி, இரைச்சலைத் துடைக்கிறேன் என்று இறகையும் சேர்த்துத் துடைச்சுடும். மெனுவில் ஐஎஸ்ஓ உச்சவரம்பை 800இல் பூட்டுங்க. போட்டோ ஸ்டைலில் இரைச்சல் குறைப்பை மைனஸ் 5க்கு இறக்குங்க. ரா ஃபைலும் (கேமரா திருத்தாத மூலப்படம்) சேர்த்து எடுங்க, பிறகு கம்ப்யூட்டரில் நிதானமாகச் சுத்தம் பண்ணலாம். ஐ.ஜூம், டிஜிட்டல் ஜூம் இரண்டையும் அணைச்சுடுங்க. அவை செய்வது வெட்டிப் பெரிதாக்குவதுதான்.

அபெர்ச்சரை எஃப் 8க்கு மூடாதீங்க. பெரிய கேமராவில் அது கூர்மை தரும், இங்கே டிஃப்ராக்ஷனைத்தான் கூட்டும். ஷட்டர், உட்கார்ந்திருக்கிற பறவைக்கு 1/500, பறக்கிறதுக்கு 1/1000க்கு மேல். ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தை மட்டும்தான் பிடிக்கும், பறவை தலையைத் திருப்புவதைப் பிடிக்காது.

ஃபோகஸ் இந்த வகையில் வெளிச்சம்-இருட்டு மாறுபாட்டைத் தேடித்தான் வேலை செய்யும். மங்கலான பின்னணியில் முன்னும் பின்னும் அலைஞ்சு, பறவையை விட்டுட்டு இலையைப் பிடிச்சுக்கும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைச்சு, பெட்டியைச் சின்னதாக்கி, அலகும் முகமும் சேருகிற விளிம்பில் வையுங்க. பிடிக்கலைன்னா அதே தூரத்தில் உள்ள தடித்த கிளையில் பட்டனைப் பாதி அழுத்திப் பூட்டிட்டு, விடாமல் பறவைக்கு நகர்த்துங்க.

வெயில் ஏறின பிறகு தரையிலிருந்து எழுகிற சூட்டுக் காற்று, 200 மீட்டருக்கு அப்பால் எல்லாத்தையும் நெளிய வைக்கும். அதுக்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. காலையிலேயே எடுங்க.

மலைநடை:
இந்தக் கணக்கை யாருமே சொன்னதில்லை, ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். கேனான் எஸ்எக்ஸ் 740 24 முதல் 960 வரை போகுதே, அதை ஏன் யாரும் சொல்லலை? அப்புறம், இந்த லென்ஸ்களுக்குள் தூசி போயிடும் என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?

தூரிகை:
740இல் வியூஃபைண்டர் கிடையாது, ரா ஃபைலும் கிடையாது. 960 மி.மீ.யில் கையை நீட்டித் திரையைப் பார்த்துப் பிடிச்சா பறவை சட்டத்துக்குள்ளேயே நிற்காது. கண்ணோடு ஒட்டி, முழங்கை இரண்டையும் விலாவில் அழுத்தினால்தான் 720ஏ அடங்கும். 90, 200 இரண்டிலும் வியூஃபைண்டர் இருக்கு. சின்னதுதான், ஆனாலும் வெயிலில் அது இல்லாமல் இந்த ஜூமே வீண்.

தூசி உண்மை. லென்ஸ் குழாய் நீளும்போது பம்ப் மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அகலக் கோணத்தில் தெரியாது. ஜூம் முனையில், எஃப் எண் ஏறினதும் வானத்தில் சாம்பல் வட்டங்களாகத் தெரியும். பழைய கேமரா வாங்கினா கையிலேயே சோதிங்க: வெள்ளைச் சுவர், முழு ஜூம், எஃப் 8, எக்ஸ்போஷர் பிளஸ் 1. ஒரு படம் எடுத்து, கேமராவை லேசாக நகர்த்தி இன்னொன்று. கறை இரண்டிலும் அதே இடத்தில் நின்றால் அது உள்ளே இருக்கு. லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் கேமராவையே பிரிச்சாகணும். அந்தக் கூலியைப் பார்த்தால் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடலாம்.

தடுக்க: ஜிப் பையில் வையுங்க, சட்டைப் பையில் சும்மா போடாதீங்க. மணல் காற்றில் ஜூம் பண்ணாதீங்க. அணைக்கும் முன் லென்ஸைக் கீழே பார்க்கப் பிடிச்சு, குழாய் வளையங்களை ரப்பர் ஊதியால் ஊதுங்க. ஒரே ஒரு மணல் மாட்டினாலும் குழாய் பாதியில் நின்று, லென்ஸ் பிழை என்று திரையில் வரும். அப்போ கையால் அழுத்திடாதீங்க, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பல் உடைஞ்சா தீர்ந்தது.

குவியப்புள்ளி:
நிலா பாக்கி நிக்குது. அதன் அகலம் வானத்தில் அரை டிகிரி. 90இல் சென்சார் மேல் 1.2 மி.மீ., சுமார் 1000 பிக்சல். 200இலும் அதே 1.2 மி.மீ. தான், ஆனால் சுமார் 490 பிக்சல். முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 6.4, 1/250இல் தொடங்குங்க. ட்ரைபாடில் வைச்சா ஸ்டெபிலைசரை அணைச்சு, 2 விநாடி டைமர். ஆட்டோவில் விட்டால் கறுப்பு வானத்தை வெளிச்சமாக்கப் போய் நிலாவை வெள்ளைத் தட்டாக்கிடும். பள்ளங்கள் தெரியணும்னா முழு நிலாவுக்குக் காத்திருக்காதீங்க, அரை நிலாவில் எடுங்க. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து பள்ளத்தின் விளிம்பு நிழலோடு எழுந்து நிற்கும். ஷட்டரை மட்டும் 1/60க்கு இறக்கிடுங்க.