மயிலாடுதுறை – தரங்கம்பாடி பழைய ரயில் தடத்தில் நடக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் சொந்தங்களே. 1926-ல் ஓடத் தொடங்கி 1986-ல் நின்றுபோன மயிலாடுதுறை – தரங்கம்பாடி மீட்டர்கேஜ் தடத்தை, தை அறுப்பு முடிந்ததும் நானும் அப்பாவும் நடந்தே பார்க்கப் போகிறோம். சுமார் 30 கிலோமீட்டர், இரண்டு நாள்.

போன வாரம் ஆக்கூர் பக்கம் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தோம். தண்டவாளம் இல்லை. கருவேல முள்ளுக்கு நடுவே கருங்கல் ஜல்லி மட்டும் காலில் நெருடியது. வாய்க்கால் மேல் ஒரு செங்கல் பாலம், விரிசலில் அரசங்கன்று. அப்பா அதில் உட்கார்ந்து சுண்ணாம்புக் காரையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் பள்ளிக்கூடம் போனது இந்த ரயிலில்தான்.

செம்பனார்கோவில், திருக்கடையூர், பொறையாறு பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்: தடம் எங்கெல்லாம் வயலோடு போய்விட்டது, எந்த வரப்பில் சுற்றி வரலாம்? ஸ்டேஷன்களை ஒட்டி ரைஸ் மில் இருந்ததா, புகைபோக்கியோ நெல் காயவைத்த களமோ இன்னும் மிச்சம் இருக்கிறதா? முக்கியமாக, இந்தப் பாதையில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகவோ கேட் கீப்பராகவோ வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். நேரில் வந்து பேசுகிறோம். பழைய டிக்கெட், போட்டோ இருந்தாலும் இங்கே போடுங்கள்.