எந்த டேபிள்னு காட்டுறதுக்கு ஒரு சொல்: 'ஏடுகாட்டி' சரியா வருமா?

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம்,

ஒரு கேள்விக்கு டேட்டாபேஸ்ல எந்த டேபிள்ல (அட்டவணையில) பதில் இருக்குன்னு காட்டுற டூலுக்கு தமிழ்ல 'ஏடுகாட்டி'ன்னு வைக்கலாம்னு நான் சொன்னதுக்கு, நீங்க ரெண்டு பேரும் குழுவுல வேற பேர் சொல்லியிருந்தீங்க, அதுக்கு தான் இந்தப் பதில்.

நேத்து ஷிப்டு முடிஞ்சு ஓசூர்ல இருந்து பஸ்ஸுல வரும்போதே பதில் அடிக்க ஆரம்பிச்சேன், சூளகிரிகிட்ட சிக்னல் போயி அடிச்சதெல்லாம் காணாம போயிடுச்சு, அதான் இன்னைக்கு கிருஷ்ணகிரில வீட்ல உக்காந்து மறுபடியும் எழுதுறேன்.

> "அட்டவணைத் தேடல்"னு வச்சா என்ன தம்பி, எல்லாருக்கும் புரியுமே

புரியும்க்கா, ஆனா தப்பா புரியும். தேடல்னு சொன்னதும் டேபிளுக்கு உள்ள போயி டேட்டாவ தேடுதுன்னு தான் நினைப்பாங்க. இது அதுக்கு முன்னாடி நடக்கிற வேலை. கம்பெனில இருக்கிற சர்வர், ஸ்விட்ச், பிரிண்டர், யூபிஎஸ் எல்லாத்தையும் வச்சிருக்கிற டேட்டாபேஸ்ல நூத்துக்கணக்குல டேபிள் இருக்கு. நாம சாதாரணமா பேசுற மாதிரி ஒரு கேள்விய போட்டா அதுக்கு எந்த டேபிள திறக்கணும்னு சொல்லணும், அவ்வளவு தான் வேலை.

இது ஏன் தனியா பேர் வைக்கிற அளவுக்கு பெரிய விஷயம்னு கேக்கலாம். சர்வீஸ்நவ்ல (கம்பெனி கம்ப்யூட்டர் சாமான் விவரத்த எல்லாம் வச்சு நிர்வகிக்கிற சாஃப்ட்வேர்) பாருங்க, சிஎம்டிபி_சிஐ_சர்வர்னு ஒரு டேபிள், அதுக்குக் கீழ லினக்ஸ் சர்வருக்கு ஒண்ணு, விண்டோஸ் சர்வருக்கு ஒண்ணு. தாய் டேபிள கேட்டா புள்ளைங்களும் சேர்ந்து வந்துடும், புள்ளைய மட்டும் கேட்டா அது மட்டும் தான் வரும். ஒருநாள் மேனேஜர் "நம்மகிட்ட மொத்தம் எத்தனை சர்வர்"னு கேட்டாரு, எங்க டூல் லினக்ஸ் டேபிள எடுத்துக்கிச்சு, எண்ணிக்கை டக்குனு வந்துச்சு, எரர் ஒண்ணும் இல்ல, நானும் அப்படியே அனுப்பிட்டேன். மீட்டிங்ல தான் தெரிஞ்சது விண்டோஸ் சர்வர் ஒண்ணுகூட அதுல இல்லைன்னு. எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்கிற மொழி) தப்பா இருந்தா மிஷினே கத்தும், டேபிள் தப்பா இருந்தா கத்தாது, சிரிச்சிக்கிட்டே பொய் சொல்லும்.

அதே மாதிரி இன்னொண்ணு. "கேட் பக்கத்துல பீப் பீப்னு கத்துதே ஒரு பெட்டி, அது எப்ப வாங்குனது, தேய்மானம் போக இப்ப கணக்குல எவ்வளவு"ன்னு அக்கவுண்ட்ஸ்ல இருந்து கேக்கிறாங்க. யூபிஎஸ்னு கேள்வியில எங்கயும் வரல. டூல் முதல்ல அது யூபிஎஸ்னு புரிஞ்சிக்கணும், அப்புறம் கேக்கிறது பணக்கணக்குன்னு புரிஞ்சிக்கிட்டு சிஎம்டிபி_சிஐ_யூபிஎஸ்க்கு போகாம ஏஎல்எம்_ஹார்டுவேர் பக்கம் போகணும். பொருள் ஒண்ணு தான், ஆனா அது ஓடுதா, எது எதோட இணைஞ்சிருக்குங்கிறதுக்கு ஒரு ஏடு, அத வாங்குனது கழிச்சதுக்கு வேற ஏடு.

இத நம்ம வி.ஏ.ஓ. ஆபீஸ்ல தினம் பாக்கிறோம்ல. "என் காட்டுல இந்த வருசம் என்ன பயிர்னு எழுதியிருக்கு"ன்னு கேட்டா அடங்கல எடுப்பாங்க, "யார் பேர்ல இருக்கு"ன்னா சிட்டா, "பக்கத்து ஆளு வரப்ப நகத்திட்டான்"னா புலப்பட நகல். கேக்கிறவருக்கு அடங்கல்ங்கிற பேரே தெரிய வேண்டியதில்ல. அந்த மனுசன் செய்யிற வேலைக்கு தான் நாம பேர் தேடுறோம்.

மிஷின் எப்படி செய்யுதுன்னா, ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு விவரக்குறிப்பு எழுதி அத எண்வரிசையா மாத்தி வச்சிடுவாங்க, கேள்வியையும் அப்படியே மாத்தி எது கிட்டக்க இருக்குன்னு பாக்கும். அந்தக் குறிப்ப ஆளுங்க பேசுற வார்த்தையில எழுதலைன்னா போச்சு. மாங்கா மண்டில விவசாயி பெங்களூராம்பாரு, வீட்ல கிளிமூக்கும்பாங்க, கூழ் ஃபேக்டரி பில்லுல தோத்தாபுரின்னு இருக்கும், மூணும் ஒரே மாங்கா. எழுத்துக்கு எழுத்து பாத்தா மூணும் வேற வேற. நம்ம மாவட்டப் பேரே தருமபுரின்னும் தர்மபுரின்னும் எழுதுறோம், போதாததுக்கு 2004ல கிருஷ்ணகிரி தனியா பிரிஞ்சதுக்கு முந்தி வாங்குன சாமானுக்கு எல்லாம் பழைய மாவட்டப் பேர் தான் ரெஜிஸ்டர்ல கிடக்கு.

> ஏடு என்றால் பாலேடும் ஏடுதானே? ஓலைச்சுவடி வாடை வேறு அடிக்கிறது. 'அட்டவணைச்சுட்டி' எனலாமே.

ஐயா, தருமபுரில உங்ககிட்ட தமிழ் படிச்சவங்க இந்தக் குழுவுலயே இருக்காங்க, நான் உங்ககூட மல்லுக்கு நிக்கல. ஆனா பேரேடு, பதிவேடு, நாளேடு எல்லாம் இன்னைக்கும் ஆபீஸ்ல ஓடுற சொல்லு தானுங்க, யாருக்கும் பால் ஞாபகம் வர்றதில்ல. 'சுட்டி' ஏற்கெனவே மவுஸுக்கும் போச்சு, லிங்க்குக்கும் போச்சு, மூணாவதா இதுக்கும் குடுத்தா அது பாவம். அதுவுமில்லாம 'சுட்டது'ன்னு எழுதினா எங்க பசங்க டேபிள எவனோ திருடிட்டான்னு படிப்பானுங்க.

'காட்டி' நமக்கு பழகுனது, திசைகாட்டி, வழிகாட்டி, நாள்காட்டி. எனக்கு அது பிடிச்சதுக்கு உண்மையான காரணம் வேற. நல்ல டூல் ஒரே ஒரு டேபிள எடுத்துக்கிட்டு ஓடக்கூடாது, இதுவா இருக்கலாம் இல்லைன்னா இதுன்னு மூணு நாலு காட்டணும், தெரிஞ்ச ஆள் பாத்து எடுக்கணும். அன்னைக்கு தாய் டேபிளையும் லினக்ஸ் டேபிளையும் பக்கத்துல பக்கத்துல காட்டியிருந்தா நான் மாட்டியிருக்க மாட்டேன். அதனால டூலுக்கு ஏடுகாட்டி, அது செய்யிற வேலைக்கு ஏடுகாட்டல்.

ஸ்கீமா லிங்க்கிங்குக்கும் இதையே வைக்கலாமான்னு அக்கா கேட்டிருந்தாங்க. வேண்டாம்க்கா, அது டேபிளோட நிக்காம கேள்வியில இருக்கிற வார்த்தைய டேபிள்ல இருக்கிற நெடுவரிசையோடயும் (column) கோக்கிற வேலை. 2018ல யேல் பல்கலைக்காரங்க வெளியிட்ட ஸ்பைடர்ங்கிற, சாதாரண கேள்விய எஸ்க்யூஎல்லா மாத்த பழக்குற தொகுப்புல 200 டேட்டாபேஸ், 10,181 கேள்வி, அதுல எந்த டேட்டாபேஸ்னு முன்னாடியே கையில குடுத்துடுவாங்க, ஒண்ணொண்ணுலயும் சராசரியா அஞ்சு டேபிள் தான். நம்ம பாடு அப்படியா. அதுக்கு தனி இழை போடுங்க, அங்க சண்ட போடுவோம்.

இப்போதைக்கு எங்க டெஸ்ட் ஸ்கிரீன்ல பட்டனுக்கு 'ஏடு காட்டு'ன்னு போட்டு வச்சேன். ஸ்டோர் ரூம் அண்ணன் ஒருத்தரு எதுவும் கேக்காம அழுத்திட்டு, "பிரிண்டர் ஏடு வரல தம்பி"ன்னாரு. வரலைங்கிறத அப்புறம் பாத்துக்கலாம், ஏடுன்னு அவராவே சொன்னாருங்க ஐயா.