பலஸ்தீனத்துக்காக எந்தச் சாமான நிறுத்துறது? லிஸ்ட் ரொம்ப நீளமா இருக்கு

தலவாக்கலை_கடை:
வணக்கம். டவுன்ல சின்ன சில்லறைக் கடை வச்சிருக்கேன். வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்க காஸாவுக்காக ஒரு போய்கொட் லிஸ்ட் (வாங்காம புறக்கணிக்க வேண்டிய சாமான்) கொண்டாந்து கடையில ஒட்டச் சொல்றாங்க, எண்ணிப் பாத்தா எழுபதுக்கு மேல, சோப்புல இருந்து பிள்ளைங்க குடிக்கிற பால்மா வரைக்கும். எனக்கும் மனசு கொதிக்குது. 1948ல பலஸ்தீனக்காரங்கள ஊரவிட்டு வெரட்டுனாங்க, அதே வருஷம்தான் இங்க இலங்கையில தோட்டத்துல வேலை செஞ்ச நம்ம தாத்தாமாருக்குப் பிரஜாவுரிமை இல்லன்னு சட்டம் போட்டாங்க, அதனால இத நான் யாரோ ஒருத்தரோட பிரச்சனையா பாக்கல. ஆனா எழுபதையும் நிறுத்திட்டா கொப்பியில எழுதிட்டு சாமான் எடுக்கிற தோட்டத்து ஆளுங்க எங்க போவாங்க? எத வச்சு தெரிவு செய்றது?

கம்பளைவாசி:
அண்ணே அத ஒட்டாதீங்க. 2005ல 170க்கு மேல பலஸ்தீன அமைப்புகள் சேந்துதான் பிடிஎஸ் (BDS, இஸ்ரேல புறக்கணிக்கச் சொல்ற இயக்கம்) அழைப்ப விட்டாங்க, அவங்களே சொல்றது கொஞ்ச கம்பெனிய மட்டும் புடிங்க, விடாம புடிங்கன்னுதான். நேரடி சம்பந்தம் இருக்கணும், நெருக்குனா எறங்கி வர்ற எடமா இருக்கணும். சப்பாத்துக் கம்பெனி பூமா 2018ல இருந்து இஸ்ரேல் புட்போல் சங்கத்துக்கு ஸ்பொன்சரா இருந்திச்சு, செட்டில்மென்ட் (பலஸ்தீன நிலத்தப் புடிச்சு இஸ்ரேல்காரங்க கட்டுன குடியேற்றம்) கிளப்புகளும் அந்தச் சங்கத்துலதான் ஆடுது. வருஷக்கணக்கா நெருக்குனாங்க, 2024 முடிவோட ஒப்பந்தம் முடிஞ்சது. கம்பெனி வேற காரணம் சொன்னிச்சு, சொல்லட்டும்.
எங்க வீட்ல நோன்புக்கு பேரீச்சம்பழ பெட்டியத் திருப்பிப் பாத்துதான் வாங்குறது, ஜோர்தான் பள்ளத்தாக்கு செட்டில்மென்ட்ல மெஜூல்ங்கிற பெரிய பேரீச்சம்பழம் நெறைய வெளையுது. இஸ்ரேலுக்குள்ள 729ல தொடங்குற பார்கோட மட்டும் நம்பிறாதீங்க, அது நம்பர் எங்க பதிஞ்சதுன்னுதான் காட்டும், பழம் எங்க வெளைஞ்சதுன்னு காட்டாது.

ஹட்டன்_ஆட்டோ:
நம்ம ஸ்டேண்ட்ல பேசி முடிவெடுத்தது என்ஜின் ஒயில். கால்டெக்ஸ் செவ்ரோனோட பேரு, இஸ்ரேலோட தாமார், லெவியதான் கேஸ் வயல நடத்துறது அதே செவ்ரோன், 2020ல நோபல் எனர்ஜிய வாங்குனப்ப கைக்கு வந்தது. வேற ஒயில் எல்லா கடையிலயும் இருக்கு, யாரு வயித்துலயும் அடிக்கல, ஆட்டோக்காரன் ஒவ்வொருத்தனும் மாசாமாசம் ஒயில் மாத்துறவன்தானே.

பண்டாரவளை_டீச்சர்:
சின்ன லிஸ்ட் சரிதான், ஆனா சனங்களோட கோபத்த ஓரங்கட்டாதீங்க. மெக்டொனால்ட்ஸ்ஸ யாரும் திட்டம் போட்டுப் புடிக்கல, 2023 ஒக்டோபர்ல அதோட இஸ்ரேல் ஏஜென்ட் ராணுவத்துக்கு இலவசமா சாப்பாடு குடுத்ததப் பாத்து சனங்களே நிறுத்துனாங்க, 2024 ஏப்ரல்ல இஸ்ரேல்ல இருக்கிற 225 கடையையும் ஏஜென்ட்கிட்ட இருந்து திருப்பி வாங்குறோம்னு கம்பெனி அறிவிச்சிச்சு. ஆனா இலங்கையில 2024 மார்ச்ல மெக்டொனால்ட்ஸ் மூடுனத நம்ம வெற்றின்னு தயவுசெஞ்சு போடாதீங்க, அது இங்கத்த ஏஜென்ட்டோட வந்த வழக்கு. ஒரு பொய் பிடிபட்டா அப்புறம் உண்மையச் சொன்னாலும் கேக்க மாட்டாங்க.
இன்னொன்னு, இஸ்ரேலுக்கு விவசாய வேலைக்குப் போற நம்மூர்ப் பொடியன்கள ஏசாதீங்க. அவங்க கடன்ல போறவங்க.

தலவாக்கலை_கடை:
எல்லாருக்கும் நன்றி. மூணு எழுதுறேன்: கால்டெக்ஸ், இஸ்ரேல் பேரீச்சம்பழம், பிடிஎஸ் லிஸ்ட்ல இருக்கிற எச்பி பிரிண்டர், பக்கத்துல போட்டோகொப்பி அடிக்கிற கொமினிகேஷன்காரர் அடுத்த தடவ வேற மெஷின் எடுக்கிறேன்னுட்டார். ஒவ்வொண்ணுக்கும் கீழ ஏன்னு ரெண்டு வரி போடணும். கடைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேர் சிங்கள ஆளுங்க, யாராச்சும் அத சிங்களத்துல எழுதித் தர முடியுமா?