நாமினி அம்மா, பென்ஷன் மனைவிக்கா?

ஈரோட்டு வேம்பு:
என் பெரியம்மா மகன் 2023-ல் இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்கு வரும்போது லாரி மோதி இறந்துவிட்டார். நூல் மில்லில் 6 வருட வேலை. 2017-ல் சேரும்போது கல்யாணம் ஆகவில்லை என்பதால் பிஎஃப் படிவத்தில் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தார். அப்புறம் கல்யாணம், ஒரு பெண் குழந்தை. இப்போது அண்ணி எல்லாமே தனக்கும் குழந்தைக்கும்தான் என்று மனு போட்டிருக்கிறார். பெரியப்பா போய்ப் பல வருடம் ஆகிறது, பெரியம்மா சாப்பிட்டதே மகன் சம்பளத்தில்தான். எழுத்தில் பெரியம்மா பெயர் இருக்கும்போது பணம் இன்னொருவருக்கு எப்படிப் போகும்?

பேனா மூடி:
தம்பி, இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் அண்ணி உங்களுக்கு "இன்னொருவர்" ஆனது எப்போது? கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. பிஎஃப் திட்டத்தின் 61-ஆவது பத்தி அதைத்தான் சொல்கிறது. பிஎஃப்போடு வரும் பென்ஷனில், மனைவி இருந்தால் நாமினி என்ற பேச்சே கிடையாது, மனைவிக்குத்தான்.

கரூர் சுப்பு:
முதலில் பென்ஷன் வருமா என்று பாருங்கள். 10 வருட சர்வீஸ் இல்லாமல் பென்ஷன் ஏது? 6 வருடத்துக்குக் கட்டின பணம் திரும்ப வரும், அவ்வளவுதான்.

டைம் ஆபீஸ் ஐயா:
சுப்பு, 10 வருடக் கணக்கு உயிரோடு ஓய்வு பெறுகிறவனுக்கு. வேலையில் இருக்கும்போது இறந்தால் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே குடும்பத்துக்கு பென்ஷன் உண்டு. கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையும் அப்படித்தான், சாவு என்றால் 5 வருட நிபந்தனை இல்லை. இதைச் சொல்ல ஆளில்லாமல் மனுவே போடாமல் விட்ட குடும்பங்களை என் 31 வருட மில் வேலையில் நிறையப் பார்த்துவிட்டேன்.

வேம்பு தம்பி, இதை ஒரே பணமாக நினைப்பதால்தான் உங்கள் வீட்டில் சண்டை. பென்ஷன், பிஎஃப், காப்பீடு எல்லாம் தனித்தனிப் பணப்பைகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பூட்டு. பென்ஷன் பையில் "குடும்பம்" என்றால் மனைவி, 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பெற்றோர் அந்த வரையறையிலேயே இல்லை. கல்யாணம் ஆகாமல், நாமினியும் போடாமல் ஒருவர் இறந்தால்தான் அவரை நம்பியிருந்த அப்பாவுக்கு, அவருக்குப் பின் அம்மாவுக்கு. ஆனால் பிஎஃப் பையில் "குடும்பம்" என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம், அதில் மகனை நம்பி வாழ்ந்த பெற்றோரும் உண்டு. நாமினேஷன் செல்லாது என்றால் பணம் மனைவிக்கு மொத்தமாகப் போகாது, குடும்பத்தாருக்குச் சமபங்கு. உங்கள் கதையில் மனைவி, குழந்தை, அம்மா என்று மூன்று பங்கு. பிஎஃப்போடு சேர்ந்த இடிஎல்ஐ உயிர்க் காப்பீட்டுத் தொகையும், அதிகபட்சம் 7 லட்சம், அதே வழியில்தான் பிரியும்.

பேனா மூடி:
ஐயா, மூன்றில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 26 வயதில் கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்கு இது நியாயமா?

ஈரோட்டு வேம்பு:
அக்கா, அண்ணிக்கு வயது இருக்கிறது, நாளைக்கு வேறு கல்யாணம் செய்துகொள்வார். 58 வயதில் பெரியம்மா எங்கே போய் நிற்பார்?

பேனா மூடி:
இதைத்தான் எதிர்பார்த்தேன். மறுமணம் செய்தால் விதவை பென்ஷன் நின்றுவிடும், அதனால் கவலைப்படாதீர்கள், பணம் உங்கள் வீட்டை விட்டுப் போகாது! ஆனால் அந்த விதியே எனக்குப் பிடிக்கவில்லை. குறைந்தபட்சம் என்று 2014-ல் வைத்த 1,000 ரூபாய்தான் இன்னும் நிற்கிறது, அந்த ஆயிரத்துக்காக ஒரு பெண் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பதிவு செய்யாமல் வாழ்வதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். மத்திய அரசு ஊழியரின் விதவைக்குக் குழந்தை இல்லையென்றால், வருமானம் வரம்புக்குள் இருந்தால், மறுமணத்துக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் தொடர்கிறது. மில் தொழிலாளியின் விதவை மட்டும் என்ன பாவம் செய்தாள்?

கரூர் சுப்பு:
பென்ஷன் என்பது ஆதரவு போனவருக்கு. புது ஆதரவு வந்த பிறகு எதற்கு? மனைவியை இழந்த ஆணுக்கும் அதே விதிதானே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பேனா மூடி:
கணவன் வந்தால் ஆதரவு வந்துவிட்டது என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறார்கள் சுப்பு?

டைம் ஆபீஸ் ஐயா:
சண்டைக்கு நடுவில் குழந்தையை மறந்துவிட்டீர்கள். அம்மா மறுமணம் செய்தால் குழந்தையின் பணம் நிற்காது, கூடும். சும்மா ஒரு கணக்குக்கு, விதவை பென்ஷன் 3,000 என்றால் குழந்தைக்கு அதில் 25 சதம், 750. விதவை பென்ஷன் நின்றால் அநாதைப் பென்ஷன் விகிதத்துக்கு மாறி 75 சதம், 2,250. குழந்தையின் 25 வயது வரை. வீட்டுக்கு வருவது 3,750-லிருந்து 2,250 ஆகக் குறையும் என்பது உண்மைதான், ஆனால் பூஜ்யம் ஆகாது.

சந்தேகப் பிராணி:
ஐயா, நாமினேஷன் கதையை இவ்வளவு சீக்கிரம் மூடாதீர்கள். பிஎஃப் படிவம் 2-ன் அடியில் இரண்டு வரி இருக்கும். "எனக்குக் குடும்பம் இல்லை, பின்னால் வந்தால் இந்த நாமினேஷன் ரத்து" என்பது ஒன்று, "என் தந்தை/தாய் என்னை நம்பி வாழ்கிறார்" என்பது இன்னொன்று. பொருந்தாததை அடித்துவிட வேண்டும். அம்மா தன்னை நம்பியிருக்கிறார் என்று எழுதியிருந்தால், அவர் அப்போதே குடும்பத்தில் ஒருவர், அவருக்குப் போட்ட நாமினேஷன் கல்யாணத்தால் சாகாது என்று வாதாட இடம் இருக்கிறது. எந்த வரியை அடித்தார் என்று பார்க்காமல் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

டைம் ஆபீஸ் ஐயா:
நல்ல கேள்வி. வாதாடலாம், ஜெயிப்பீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய பை ஒன்றை யாரும் திறக்கவே இல்லை. தம்பி, சம்பளத்தில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு, பிடித்தார்களா? வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில்தானே விபத்து? நேரமும் பாதையும் வேலையோடு பொருந்தினால், இஎஸ்ஐ சட்டத்தின் 2010 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் வேலை விபத்துதான். சராசரி நாள் கூலியில் 90 சதம் குடும்பத்துக்கு. மனைவிக்கு ஐந்தில் மூன்று, குழந்தைக்கு ஐந்தில் இரண்டு, கணவனை இழந்த தாய்க்கும் ஐந்தில் இரண்டு. கூட்டினால் ஒன்றைத் தாண்டுவதால் ஏழு பங்காக்கி 3, 2, 2 என்று பிரிப்பார்கள். நாள் கூலி 500 என்றால் 450-ல் மனைவிக்கு சுமார் 193 ரூபாய், குழந்தைக்கும் பெரியம்மாவுக்கும் ஆளுக்கு சுமார் 129, ஒவ்வொரு நாளைக்கும். பெரியம்மாவுக்கு ஆயுள் முழுக்க.

ஈரோட்டு வேம்பு:
இஎஸ்ஐ பிடித்தம் சம்பளச் சீட்டில் இருக்கிறது ஐயா. ஆனால் மில்லில் "கேட்டுக்கு வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று விபத்து அறிக்கையே அனுப்பவில்லை.

டைம் ஆபீஸ் ஐயா:
அப்படித்தான் சொல்வார்கள். எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, அன்றைய ஷிப்ட் வருகைப் பதிவு மூன்றையும் எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் நேராகவே எழுதிக் கொடுங்கள். உங்கள் அண்ணியும் பெரியம்மாவும் சேர்ந்து போனால் நல்லது, விபத்தை நிரூபிக்கும் வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஈரோட்டு வேம்பு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். படிவம் 2 நகல் கிடைத்தது. அடிக்கப்பட்டிருப்பது அம்மா நம்பியிருக்கிறார் என்ற வரி. "குடும்பம் இல்லை" என்பது அப்படியே நிற்கிறது. அண்ணன் கையெழுத்துத்தான். சேர்ந்த அன்று யாரோ சொன்ன இடத்தில் கோடு போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பெரியம்மாவிடம் சொன்னேன். எதுவும் பேசவில்லை. சாயங்காலம், வருகைப் பதிவு நகல் வாங்க மருமகளோடு யார் போவது என்று கேட்டார். திங்கள்கிழமை மூன்று பேரும் போகிறோம்.

பேனா மூடி:
குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி.