மெரென் டெக்: 109 கார்டு ஆகிவிட்டது, எதைத் தூக்கலாம்?

பச்சைக்கறுப்பு

வணக்கம். மேஜிக் கார்டு விளையாட்டின் கமாண்டர் வகையில், கிரேவ்யார்டை (செத்த, தீர்ந்த கார்டுகள் போகும் குவியல்) நம்பி ஒரு டெக் (கார்டுக் கட்டு) கட்டுகிறேன். கமாண்டர் (டெக்கின் தலைமை ஆள்), மெரென் ஆஃப் கிளான் நெல் டாத். எண்ணிப் பார்த்தால், 100 இருக்க வேண்டிய இடத்தில் மெரெனையும் சேர்த்து 109 நிற்கிறது. எதைக் கையில் எடுத்தாலும் "இது இல்லாமல் எப்படி" என்றே தோன்றுகிறது.

மனா (கார்டுகளை இறக்கத் தேவையான சக்தி) தரும் லாண்ட் 36. பெரிய ஆட்கள் (கிரீச்சர்கள்) 14: கிரேவ் டைட்டன், மாஸகர் வர்ம், ஷியோல்ட்ரெட் விஸ்பரிங் ஒன், அவெஞ்சர் ஆஃப் ஸெண்டிகார், பிளைட்ஸ்டீல் கொலாசஸ், இன்னும் சில. தவிர ஜெனிசிஸ் ஹைட்ரா. லைப்ரரியிலிருந்து (இன்னும் எடுக்காத கார்டுகளின் அடுக்கு) கார்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கிரேவ்யார்டில் தள்ளுகிற மில் ஸ்பெல்கள் ஐந்து. கிரேவ்யார்டிலிருந்து ஆட்களை எழுப்ப ரீஅனிமேட், அனிமேட் டெட், விக்டிமைஸ், லைப்ரரியிலிருந்து ஆட்களை அங்கே அனுப்ப பரீட் அலைவ் உண்டு. சின்ன ஆட்களில் சகுரா-டிரைப் எல்டர், எடர்னல் விட்னஸ், ஃபிளெஷ்பேக் மராடர், ஸாட்டிர் வேஃபைண்டர்.

நாங்கள் நால்வர் ஆடுவோம். ஒருவனிடம் எப்போதும் பொஜூகா பாக் (ஒருவரின் கிரேவ்யார்டை முழுதாக எக்ஸைல் செய்யும், அதாவது ஆட்டத்திலிருந்தே அகற்றும் லாண்ட்) இருக்கும். இன்னொருவன் வெள்ளை டெக்கில் ரெஸ்ட் இன் பீஸ் (கிரேவ்யார்டுக்குப் போக வேண்டியதையெல்லாம் எக்ஸைல் செய்யும் என்சான்ட்மென்ட்) வைத்திருக்கிறான். அதற்கும் சேர்த்து யோசனை சொல்லுங்கள்.

சுடலைமாடன்

தம்பி, பெரிய ஆட்களிலிருந்தே தொடங்கு. பதினான்கில் ஆறு போதும்.

மெரென் கணக்கைப் பார். உன் ஆள் ஒன்று செத்தால் உனக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் கவுண்டர் (அனுபவப் புள்ளி). உன் எண்ட் ஸ்டெப்பில் (உன் திருப்பத்தின் கடைசிக் கட்டம்) கிரேவ்யார்டில் ஓர் ஆளைக் காட்டுகிறாய். அதன் மனா வேல்யூ (மனா விலை) உன் கவுண்டர் எண்ணிக்கைக்குள் இருந்தால் நேராகக் களத்துக்கு வரும், இல்லையென்றால் கைக்கு. ஆக, மனா வேல்யூ ஆறான கிரேவ் டைட்டன் அந்த வழியில் எழுந்து வர ஆறு சாவு விழுந்திருக்க வேண்டும். உன் பட்டியலில் சாவதற்கு யார் இருக்கிறார்கள்? நாலு பேர். அதிலும் இரண்டு பேருக்குத் தானாகச் சாகத் தெரியாது.

நான் இந்த டெக்கில் ஒரு கார்டைச் சேர்க்கும்முன் பார்ப்பது: வரும்போது ஒரு வேலை, போகும்போது ஒரு வேலை, போவதற்கு அடுத்தவன் தயவு கூடாது. மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். எல்டரை எடுத்துக்கொள். தன்னையே பலி கொடுத்து லாண்ட் தருகிறான், கவுண்டரும் தருகிறான். கவுண்டர் இரண்டு ஆனபின் திருப்பத்துக்குத் திருப்பம் திரும்ப வருவான். மராடர் இன்னும் மோசம் (எதிரிகளுக்கு). வந்ததும் எல்லாரும் ஓர் ஆளைப் பலி கொடுக்க வேண்டும். நீ அந்த மராடரையே கொடுத்துவிடு. கவுண்டர் மூன்றைத் தொட்டபின் ஒவ்வொரு எண்ட் ஸ்டெப்பிலும் அதே கூத்து நடக்கும். மேசையில் மற்ற மூவருக்கும் ஆள் தங்காது.

இவர்களோடு விஸெரா ஸீரைச் சேர். ஒரு மனாதான், யாரை வேண்டுமானாலும் இலவசமாகப் பலி கொடுக்கலாம். பலர் கவனிக்காத ஒன்று சொல்கிறேன். மெரெனின் டிரிக்கர் (தானாகக் கிளம்பும் திறன்) ஆளைக் குறிவைப்பது எண்ட் ஸ்டெப் தொடக்கத்தில், ஆனால் கவுண்டரை எண்ணுவது அது ரிஸால்வ் ஆகும்போது (நடந்தேறும்போது). ஒரு கவுண்டர் குறைகிறதா? டிரிக்கர் ஸ்டாக்கில் (நடக்கக் காத்திருக்கும் வரிசை) இருக்கும்போதே ஸீரை வைத்து ஒருவனைப் பலி கொடு. கவுண்டர் முதலில் ஏறும், கைக்கு வரவேண்டியவன் களத்துக்கு வருவான்.

பிளைட்ஸ்டீலைத் தூக்கு. அது எங்கிருந்து கிரேவ்யார்டுக்குப் போக வேண்டி வந்தாலும் போகாமல் லைப்ரரிக்குள் கலந்துவிடும், உன்னால் அதை எழுப்பவே முடியாது. ஹைட்ராவும் வேண்டாம். அதன் நல்ல பகுதி "காஸ்ட்" செய்யும்போதுதான் (மனா கொடுத்துப் போடும்போது) நடக்கும். எழுப்பினால் எக்ஸ் (அதற்குப் போடும் கூடுதல் மனா) பூஜ்யம், 0/0 ஆக (பலமும் தாங்குதிறனும் இல்லாமல்) வந்து அந்த நொடியே சாகும். அதற்கும் ஒரு கவுண்டர் கிடைக்கும் என்பது வேடிக்கை, ஆனால் அதற்காக ஓர் இடம் கொடுக்க முடியாது.

மில் ஸ்பெல்களில் மூன்றை எடுத்துவிடு. ஒரு கார்டுக்கு ஒரு பிரதிதான் இருக்கும் டெக்கில் கண்மூடித் தள்ளினால் வேண்டியது விழுவது அதிர்ஷ்டம். பரீட் அலைவில் மூன்று ஆட்களை நீயே பொறுக்குகிறாய்.

உன் நண்பனின் பாக் பற்றி. அது லாண்ட் என்பதால் சாதாரணமாக அவன் திருப்பத்தில்தான் இறக்க முடியும். ஆகவே பரீட் அலைவுக்கு மூன்று, ரீஅனிமேட்டுக்கு ஒன்று என்று நாலு மனா சேரும்வரை பொறுத்து, இரண்டையும் ஒரே திருப்பத்தில் போடு. டைட்டன் எழுந்தால் உன் 40 லைஃபில் ஆறு போகும். போகட்டும்.

ரெஸ்ட் இன் பீஸ்தான் உண்மையான தலைவலி. அது இருக்கும்வரை உன் ஆட்கள் சாவதே இல்லை, நேராக எக்ஸைலுக்குப் போகிறார்கள், கவுண்டரும் ஏறாது. காஸ்டிக் கேட்டர்பில்லரைச் சேர். இறக்க ஒரு மனா, பிறகு இரண்டு மனா கொடுத்துப் பலியிட்டால் ஒரு ஆர்ட்டிஃபாக்டையோ என்சான்ட்மென்ட்டையோ அழிக்கும். ரெஸ்ட் இன் பீஸை அழிக்கும்போது புழு திரும்பாது, எக்ஸைலுக்குப் போய்விடும். அந்த விலை சரிதான்.

கடைசியாக ஸ்போர் ஃபிராக். ஒரு மனா தவளை, தன்னைப் பலி கொடுத்து அந்தத் திருப்பத்தின் எல்லா காம்பாட் டேமேஜையும் தடுக்கும். ஒரே ஒரு கவுண்டர் இருந்தால் சுற்றுக்கு ஒருமுறை வரும்.

மண்டையோடு

மாடன் அண்ணன் சொன்னதில் தவளை தவிர எல்லாம் சரி. தவளையை மேசையில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த எரிச்சல். ஆட்டம் நகராது, டீ ஆறிப்போகும். ஒரே கூட்டத்தோடு வாரா வாரம் ஆடுகிறவர் என்றால் விட்டுவிடுங்கள். எனக்கு அந்த இடத்தில் ரிக்ளமேஷன் ஸேஜ் பிடிக்கும். மூன்று மனா, வந்தவுடனே உடைக்கும், ரெஸ்ட் இன் பீஸுக்கு இரண்டாவது பதில்.

சுடலைமாடன்

தவளை சுற்றுக்கு ஒரு தாக்குதலைத்தான் தடுக்கும், எதிரிகள் மூன்று பேர். இருவர் பேசி வைத்து அடித்தால் தவளை காலி. எரிச்சல் என்பது அவர்கள் பேசி வைக்காத குறை. ஆனாலும் ஸேஜ் நல்ல கார்டு, மறுக்கவில்லை.

பச்சைக்கறுப்பு

நன்றி அண்ணா. பெரிய ஆட்களில் பிளைட்ஸ்டீலோடு எட்டு, ஹைட்ரா, மில் மூன்று என்று பன்னிரண்டு போயிற்று. ஸீர், கேட்டர்பில்லர், ஸேஜ் உள்ளே. சரியாக 100. தவளையைப் பையில் தனியாக வைத்திருக்கிறேன், வெள்ளை டெக்காரன் ரொம்ப ஆடினால் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு சந்தேகம். மெரெனே அடிக்கடி சாகிறாள், மறுபடி இறக்க ஒவ்வொரு முறையும் இரண்டு மனா கூடுதல் வரி. கவுண்டரும் போய்விடுமா?

சுடலைமாடன்

போகாது. கவுண்டர் உன்னிடம் இருக்கிறது, அவளிடம் அல்ல. அவள் செத்தால் கமாண்ட் ஸோனுக்கு (கமாண்டர் தனியாகக் காத்திருக்கும் இடம்) உடனே எடுத்துப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. கையில் ரீஅனிமேட்டோ அனிமேட் டெட்டோ இருந்தால் கிரேவ்யார்டிலேயே கிடக்கட்டும். அடுத்த திருப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு மனாவில் வரியில்லாமல் எழுப்பு. இடையில் உன் நண்பன் பாக் இறக்கி எக்ஸைல் செய்தாலும் பயமில்லை, அங்கிருந்தும் கமாண்ட் ஸோனுக்கு எடுத்துக்கொள்ளலாம். பாகைத்தான் அவன் வீணாக்கியிருப்பான்.