தந்தூரி சிக்கன் வீட்டில் செய்யும்போது காயாமல் வர நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

வீட்டில் செய்கிற தந்தூரி சக்கை மாதிரி ஆகிவிடுகிறது என்று புலம்பாதவர் குறைவு. பழியெல்லாம் மசாலா மேல்தான் விழும். தயிர் போதவில்லை, இன்னும் ஒரு நாள் ஊறியிருக்கணும், இப்படி. என் அனுபவத்தில் கறி உள்ளே காய்ந்து போவதற்குப் பெரிய காரணம் வெளியே ஈரம் கூடிப்போவதுதான். கேட்க விநோதமாக இருக்கலாம். துண்டின் மேல் தண்ணீர் இருக்கும்வரை அந்த மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாவிட்டால் சிவக்காது, சிவக்கவில்லையே என்று நாமும் இன்னும் பத்து நிமிடம் விட்டு வைப்போம், அதற்குள் உள்ளே இருந்த சாறெல்லாம் தட்டில் இறங்கியிருக்கும். தந்தூர் அடுப்புக்குள் சூடு 400 டிகிரிக்கு மேலேயே போகும் என்பதால் மேலே இருக்கிற ஈரம் சீக்கிரம் பறந்துவிடும், உள்ளே வேகும்போதே வெளியே கருகல் பிடித்துவிடும். வீட்டு ஓவன் பெரும்பாலும் 250-இல் நின்றுவிடுகிறது, அதனால் நாம்தான் தண்ணீரை முன்னாடியே கழிக்க வேண்டும்.

முதலில் கறி. கழுவினால் நன்றாக வடியவிட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். ஃப்ரீசரில் இருந்து வந்ததென்றால் ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டில் வைத்து முழுசாக உருகின பிறகுதான், ஏனென்றால் அது உருக உருகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். தோல் உரித்த தொடையோடு சேர்ந்த கால்தான் இதற்குச் சரியான துண்டு. கீறல் போடும்போது மேலோடு கோடு இழுப்பதில் பிரயோஜனம் இல்லை, கத்தி எலும்பில் போய் முட்ட வேண்டும். தொடையும் காலும் சேருகிற மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீறல் கட்டாயம் வேண்டும், கடைசிவரை வேகாமல் நிற்கிற இடம் அதுதான்.

அப்புறம் உப்பு. மசாலாவில் எது உள்ளே போகிறது என்று கேட்டால் உப்புதான், மற்றதெல்லாம் பெரும்பாலும் மேலேயும் கீறல் இடுக்கிலும் தங்கிவிடும். அதனால் எலும்போடு ஒரு கிலோ கறிக்கு இரண்டு, இரண்டரை டீஸ்பூன் தூள் உப்பு, இஞ்சி பூண்டு விழுது, காஷ்மீரி மிளகாய்த்தூள், கொஞ்சமாக எலுமிச்சைச் சாறு, இதை மட்டும் கீறலுக்குள் விரலை விட்டுத் தேய்த்து அரை மணி நேரம் வைக்கிறேன். அதில் விடுகிற தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தயிர். எலுமிச்சையை இரவு முழுக்க ஊறவிடுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை, மேல் கறி வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். பச்சைப் பப்பாளி இன்னும் மோசம். ஆட்டுக்கறிக்குச் சரி, கோழியில் கொஞ்ச நேரம் கூடினாலே மேலே கூழாகிவிடும். தயிரின் புளிப்பு மிதமானது, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி தாராளமாகத் தாங்கும்.

அந்தத் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரமாவது தொங்கவிட வேண்டும். ஸ்பூனைக் குத்தினால் சாயாமல் நிற்கணும், அதுதான் பதம். அதில் மல்லித்தூள், சீரகத்தூள், கரம் மசாலா, கசக்கின கஸூரி மேத்தி (காய்ந்த வெந்தயக்கீரை), இன்னும் கொஞ்சம் காஷ்மீரி மிளகாய், சூடாக்கி ஆறவைத்த கடுகெண்ணெய். எண்ணெயை விடாதீர்கள். மசாலா மணம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும், மேலே பொறுபொறுவென்று கருகல் பிடிப்பதும் அதனால்தான். வறுத்த கடலைமாவு ஒரு ஸ்பூன் சேர்த்தால் மசாலா வழியாமல் ஒட்டிக்கொள்ளும். சிவப்புக் கலர் பொடி எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

ஓவனை முழுச் சூட்டில் இருபது நிமிடம் முன்பே போட்டுவிட்டு, துண்டுகளைத் தட்டில் போடாமல் கம்பி வலையில் அடுக்கி, தட்டைக் கீழே வையுங்கள். தட்டிலேயே போட்டால் தன் சாற்றில் தானே அவிந்து குழம்புக்கறி ஆகிவிடும். முக்கால்வாசி வெந்ததும் நெய் தடவித் திருப்பி, கடைசியில் மேல் கிரில்லை மட்டும் போட்டு ஓரம் கருகும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன், அந்த நேரத்தில் போனை எடுத்தால் போச்சு. வெளியே எடுத்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் எலுமிச்சையும் சாட் மசாலாவும்.

* * *

மேலே எழுதியவர் சொன்ன கம்பி வலை விஷயம் உண்மை, ஆனால் என்னிடம் ஓவனே கிடையாது. கனமான இரும்புக் கல்லில்தான் செய்கிறேன். எலும்பில்லாத தொடைக்கறி, இரண்டு விரல் அகலத் துண்டு. கல் புகைகிற அளவு காய்ந்ததும் இடைவெளி விட்டு நாலைந்து துண்டு மட்டும். நிறையப் போட்டால் கல் குளிர்ந்து தண்ணீர் கொப்பளிக்க ஆரம்பிக்கும், அதோடு கதை முடிந்தது. மூடி போடவே போடாதீர்கள். போட்ட உடனே கிளறினால் மசாலா கல்லோடு போய்விடும், அதுவாக விட்டுக்கொடுக்கிற வரை பொறுத்து அப்புறம் இடுக்கியால் திருப்பணும். வெந்தபின் நேரடித் தீயில் வலையை வைத்து ஓரங்களைச் சுட்டு எடுத்தால் கல்லில் செய்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கரி வாசனைக்கு: வெந்த துண்டுகளுக்கு நடுவில் சின்ன எவர்சில்வர் கிண்ணம், அதில் நன்றாகக் கனிந்த கரித்துண்டு ஒன்று, அதன் மேல் அரை ஸ்பூன் நெய், புகை கிளம்பியதும் பாத்திரத்தை மூடி மூன்று நிமிடம். அதற்கு மேல் விட்டால் கசக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடைத்த அறைக்குள் கரி எரிப்பது ஆபத்து.

* * *

எனக்கு நெஞ்சுப்பகுதிதான் பிடிக்கும், தொடை சாப்பிடவே மாட்டேன். அதில் சாறு நிற்குமா? இன்னொன்று, போன முறை எலும்புக்குப் பக்கத்தில் சிவப்பாக இருந்தது என்று வீட்டில் யாருமே தொடவில்லை, திரும்ப உள்ளே வைத்து எடுத்தால் கயிறு மாதிரி வந்தது.

* * *

நிற்கும், ஆனால் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணளவு நெஞ்சுக்கறியில் செல்லாது. கனமான இடத்தில் எலும்பைத் தொடாமல் குத்தி 74 டிகிரி காட்டினால் அப்போதே எடுத்துவிடணும். கூடப் போகப் போக நார் நாராகும். தொடை வேறு ஜாதி, அது 80-ஐத் தாண்டினால்தான் சவ்வெல்லாம் இளகி மெத்தென்று வரும், அதனால் இரண்டையும் ஒரே தட்டில் ஒரே நேரத்துக்கு வைக்காதீர்கள், நெஞ்சுக்கறியைப் பிந்தி உள்ளே தள்ளுங்கள். சிவப்பை வைத்து முடிவு பண்ண வேண்டாம். இளங்கோழியில் எலும்பு மஜ்ஜையின் நிறம் கறியில் ஊறி, முழுசாக வெந்த பிறகும் அப்படித் தெரியும். சூடு சரியாக இருந்தால் சாப்பிடலாம்.

ஊறவைத்த பாத்திரத்தில் மிச்சம் இருக்கிற மசாலாவை வெந்த துண்டு மேல் தடவுகிற பழக்கம் சில பேருக்கு இருக்கிறது, அது பச்சைக் கோழித் தண்ணீர் கலந்தது. வேண்டுமென்றால் ஊறவைக்கும் முன்பே ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.