புதுப்பிப்பு: ஓசூர் ஏரோஸ்பேஸ் இன்டர்ன்ஷிப் போய்ட்டு வந்துட்டேன்

மே மாசம் இங்க கேட்டிருந்தேன்ல, மெக்கானிக்கல் மூணாவது வருஷம், ஓசூர்ல விமான பார்ட்ஸ் பண்ற ஒரு சின்ன கம்பெனில ஆறு வாரம் கூப்பிடுறாங்க, ஸ்டைபெண்ட் கிடையாது, போலாமான்னு. பாதி பேர் "மூலைல உக்கார வச்சிருவாங்க"ன்னீங்க. மொத வாரம் அதேதான் பாஸ், ட்ராயிங்ல இருக்குற ஒவ்வொரு அளவுக்கும் வட்டம் போட்டு நம்பர் குடுக்கணும், ஒரே ட்ராயிங்ல 140 வட்டம், கண்ணு அவிஞ்சிருச்சு. அப்புறம்தான் புரிஞ்சுச்சு, அது ஏஎஸ்9102ங்கற விமான பார்ட்ஸ் தர விதி படி மொத பீஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்கு, ஒவ்வொரு நம்பருக்கும் அளந்த ரீடிங் எழுதியே ஆகணும், ஒண்ணு விட்டாலும் ரிப்போர்ட் திரும்பி வந்துரும்.

சொதப்புனதையும் சொல்லிடறேன். மெஷின்ல இருந்து எடுத்த சூட்டோட ஒரு அலுமினிய பார்ட்ட அளந்துட்டு 40 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) ஜாஸ்தின்னு நான் கத்த, ஆபரேட்டர் அண்ணன் ஆஃப்செட்ட (மெஷின்ல டூல் நிக்கிற இடத்த திருத்துற செட்டிங்) மாத்தவே போயிட்டாரு, நல்லவேளை குவாலிட்டி அக்கா தடுத்துட்டாங்க. "தம்பி, 20 டிகிரி ரூம்ல கொஞ்ச நேரம் வச்சுட்டு அப்புறம் அள." கணக்கு போட்டா, 200 மில்லிமீட்டர் அலுமினியம் 10 டிகிரி ஏறுனாலே 46 மைக்ரான் நீளுது. இதுல தெர்மல் பேப்பர்ல நான்தான் க்ளாஸ் ஃபர்ஸ்ட் (சிரிக்காதீங்க).

டைட்டானியம் மெஷின தொடவே விடல, வேடிக்கை மட்டும்தான். வெட்டும்போது வர்ற சூடு, சீவி விழுற உலோகத் துண்டுல (சிப்) போகாம டூல் முனைலயே நிக்கும், அதனால ஸ்பீட கம்மி பண்ணி கூலண்ட்ட பீச்சி அடிக்கிறாங்க.

சர்டிபிகேட் இன்னும் கைக்கு வரல, அடுத்த வாரம்ங்கறாங்க.